தவளை வண்டி மணலில் நிற்கக் கூடாது

கடற்கரையில் சவாரி வண்டி விடும் தொழிலில் இரண்டே வேலைகள்தான்: ஓடுகிற வண்டி நின்றுவிடுமோ என்று பயப்படுவது, நின்ற வண்டி இனி ஓடாதோ என்று பயப்படுவது. ஆபீசுக்கு நேரமாகும்போது ஸ்கூட்டரை ஒருக்களித்துச் சாய்த்து, மூச்சுப் பிடித்து உதைத்து, எதிர்வீட்டுக்காரர் சிரிப்பதைப் பார்க்காத மாதிரி மறுபடியும் உதைத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

டிராக்டரா, பொம்மையா

பிரான்சில் பல வருஷம் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது புதுச்சேரிக்குத் திரும்பினேன். திரும்பி வருகிறவர்கள் ஃபிரிட்ஜ், சோபா, பீங்கான் தட்டு என்று கப்பலில் ஏற்றுவார்கள். நான் அவற்றோடு ஒரு பழைய குவாட்டையும் ஏற்றினேன். நாலு கொழுத்த டயர், பைக் மாதிரி கைப்பிடி, பைக் மாதிரியே இருபக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். அங்கே தோட்டக்காரர்களும் வேட்டைக்காரர்களும் ஓட்டுவது. நம்ம ஊர் மணலில் இதை ஓட்டினால் ஜனம் வரிசையில் நிற்கும் என்று அந்த ஊர்ப் பனியில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தேன்.

துறைமுகத்தில் பெட்டியைப் பிரித்ததும் அதிகாரி வண்டியை ஒரு சுற்று வந்தார். டயரை அமுக்கினார். ஸீட்டில் உட்கார்ந்தும் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் தமிழும் படித்தவன். பதற்றத்தில் இரண்டும் முட்டிக்கொண்டு வரும், ஒன்றும் முழுதாக வராது. என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: “டிராக்டரா, பொம்மையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார். ரெண்டுக்கும் நடுவுல எங்ககிட்ட எதுவும் கெடையாது.”

ஒரே ஒரு நிபந்தனை

உப்பளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். சனி ஞாயிறுகளில் சென்னைக்காரர்கள் கால் நனைக்க வருகிற இடம். மணல் யாருடையது என்று சட்டப் புத்தகத்தில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். அதில் யார் எதை ஓட்டலாம் என்று சொல்கிறவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தார். தலைவர் கலியபெருமாள் வண்டியைப் பார்த்ததும் “தவளை மாதிரி குந்திக்கினு இருக்குதே” என்றார். அன்றிலிருந்து அதற்குத் தவளை வண்டி என்றே பெயர். எனக்கு, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, மிசியே என்று பெயர்.

அனுமதி கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை. படகு கரையேறுகிற நேரத்தில் தவளை வண்டி அந்த மணலில் இருக்கக் கூடாது. அலையோடு அலையாகப் படகு பாய்ந்து ஏறும்போது நடுவில் ஏதாவது கிடந்தால் ஆள் உயிர் போகும். ஒரு தடவை அப்படி நின்றாலும் அனுமதி ரத்து. எனக்கு இது சாதாரண அனுமதி இல்லை. மனைவி இன்னும் பிரான்சில் வேலையில் இருந்தாள். தொழில் நிலைத்தால் அவள் வருவாள், இல்லையென்றால் நான் மறுபடியும் அந்தக் கிடங்குக்கே போக வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். “நிக்கவே நிக்காதுங்க, ஜப்பான் மோட்டார்” என்று நான் தலைவரிடம் உறுதி சொன்னேன். அவர் வண்டியைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொன்னார்: “மோட்டாருக்கு வாய் கெடையாது மிசியே. நின்னா நீதான் பதில் சொல்லணும்.”

கம்பி வைக்காதீர்கள்

முதல் நாளே தகராறு. சோக்கை இழுத்துவிட்டால் ஓடும், சோக்கை உள்ளே தள்ளினால் செத்துவிடும். முத்தியால்பேட்டையில் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கும் பஷீர் பாயிடம் கொண்டுபோனேன். அதுவரை நாலு சக்கரத்தைத் தொடாதவர். சற்று நேரம் இடுப்பில் கை வைத்து நின்று, “ரெண்டு ஸ்கூட்டர ஒட்ட வச்ச மாதிரிதான” என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு கார்புரேட்டரைக் கழற்றினார். கப்பலில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் உள்ளேயே கோந்தாகி, தலைமயிர் நுழைகிற அளவுள்ள ஜெட் என்கிற சின்னத் துளையை அடைத்திருந்தது.

வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவினார். நான் அலறினேன். கூடவே வந்த பிரெஞ்சுப் புத்தகத்தில், ஜெட்டில் கம்பி விடாதே, காற்று மட்டும் அடி என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. “சரிண்ணே, காத்தே அடிக்கிறேன்” என்று சைக்கிள் பம்பை எடுத்தார். அடித்தார், அடித்தார், ஒன்றும் நகரவில்லை. நான் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் வண்டி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. செம்பு இழை அவர் காதில் செருகியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “காத்துலதாண்ணே எடுத்தேன். கம்பி சும்மா வழி காட்டுச்சு.”

சொட்டு

கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை உண்டு. கக்கூஸ் தொட்டியில் இருக்கிறதே, அதே கதைதான். பெட்ரோல் நிறைந்ததும் அது மேலே வந்து வழியை அடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போய் உட்கார்ந்தால் போதும், அடைக்காது. பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். கடற்கரையில் மணல் துகளுக்கா பஞ்சம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு வயதான சொல்தா தன் பேரனைச் சவாரிக்கு அழைத்து வந்தார். பையன் ஏறி உட்கார்ந்தாயிற்று. கீழே மணல் கறுத்து ஈரமாவதை நான் பார்த்த அதே நேரம், பெரியவர் பக்கத்தில் நின்று சுருட்டுப் பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழித்தார். என்ன மொழியில் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பையனைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தேன், குச்சியை ஊதி அணைத்தேன், ஸ்பானர் பிடியால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ரெண்டு தட்டுத் தட்டினேன். துகள் நகர்ந்தது, சொட்டு நின்றது. பெரியவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: “பயப்படாதப்பா. அல்ஜீரியாவுல சுட்டே சாவாதவன், இங்க வந்து ஒரு ஸ்கூட்டர்லயா எரியப் போறேன்?”

சென்னைக்காரர் வேகம்

இந்த வண்டியில் ஆக்சிலேட்டர் என்பது கட்டைவிரலால் தள்ளுகிற ஒரு சின்ன நாக்கு. விரலை எடுத்தால் தானே திரும்ப வேண்டும். உப்புக்காற்றில் அதன் கேபிள் அவ்வப்போது திரும்ப மறந்துவிடும். அதற்காகவே ஓட்டுகிறவர் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டுவேன். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அணைந்துவிடும். சென்னையிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், வாட்ச் கீறிவிடும் என்று கயிற்றைக் கட்ட விடவில்லை. நல்ல கனத்த உடம்பு. மெதுவாகத்தான் கிளம்பினார்.

கொஞ்ச தூரத்தில் கேபிள் மறந்துவிட்டது. அவர் விரலை எடுத்து, கையையே எடுத்துக் காட்டுகிறார், வண்டி நிற்கவில்லை. எதிரே கருவாடு காய்கிறது, வலை காய்கிறது. “சாவிய திருப்புங்க சார், சாவி!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். என் வயதில் மணலில் ஓடுவது கனவில் ஓடுகிற மாதிரி. கால் போகும், ஆள் போக மாட்டான். நல்லவேளை, கருவாட்டுக்கு முன்னால் மெத்துமணல் வந்தது. டயர் புதைந்து எஞ்சின் அடங்கியது. கேஸ் போடுவாரோ, அடிக்க வருவாரோ என்று நான் பக்கத்தில் போகவே பயந்து நின்றபோது, கரையிலிருந்த அவர் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “கல்யாணமானதுலேர்ந்து அவர் இவ்ளோ வேகமா எதுவும் பண்ணி நான் பாத்ததே இல்லைங்க.”

பொட்டு

ஆயுத பூஜை வந்தது. குப்பத்தில் படகு மோட்டார்கள், வலைகள், ஐஸ் பெட்டி வரைக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். நான் வண்டியைத் துடைத்து ஓரமாக நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நேராக என்னிடம் வந்தார். “நம்ம மணல்ல ஓடுறது, மொட்ட நெத்தியோட நிக்குதே.”

எங்கே வைப்பது என்று ஒரு பார்வை பார்த்தார். கைப்பிடி ஒல்லி, விளக்கு கண்ணாடி. பெட்ரோல் டாங்கின் மூடிதான் வட்டமாக, நெற்றி மாதிரி இருந்தது. அதன் நட்டநடுவில் கெட்டிச் சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, மேலே குங்குமமும் வைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெளியூர்க்காரனாகவே நடமாடிக்கொண்டிருந்தவனுக்கு ஊர் கொடுத்த அடையாளம் அது. தலைவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இனிமே இது நம்மூரு வண்டி. நிக்காது போ.”

பட்டறையில் ஓடும், கரையில் ஓடாது

அந்த வாரமே நிற்க ஆரம்பித்தது. கிளப்பினால் உடனே கிளம்பும், கொஞ்ச தூரம் துள்ளிக்கொண்டு போகும், பிறகு தொண்டை அடைத்த மாதிரி இருமி அடங்கிவிடும். சும்மா விட்டுவைத்தால் சிறிது நேரம் கழித்துத் தானே கிளம்பும். டாங்கைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து மூடினாலும் கிளம்பும். மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி இருமல். ஒவ்வொரு முறை அது அடங்கும்போதும் என் கண் தானாகக் கடல் பக்கம் போகும், படகு ஏதாவது தெரிகிறதா என்று.

மினி லாரியில் ஏற்றி முத்தியால்பேட்டைக்குக் கொண்டுபோனேன். பஷீர் பாய் எல்லா மெக்கானிக்கும் செய்வதைச் செய்தார். டாங்கைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டில் ஒன்றில் பெட்ரோல் ஊற்றி ஆணியில் தொங்கவிட்டு, அதன் குழாயைக் கார்புரேட்டரில் செருகி ஸ்டார்ட் செய்தார். காலையிலிருந்து மதியம் வரை தையல் மிஷின் மாதிரி ஓடியது. கார்புரேட்டரை அவர் அதற்குமுன் எத்தனை முறை பிரித்தாரோ, அன்றைக்கும் ஒருமுறை பிரித்துக் கழுவினார். டாங்கையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். மூடியில் இருந்த பொட்டுமேல் மட்டும் ஒரு பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றி, ஒரு சொட்டு படாமல் பார்த்துக்கொண்டார். “சாமி பொட்டு. நம்ம கையால அழியக் கூடாது.” எனக்கு அது பிடித்திருந்தது. மறுநாள் கரையில் இறக்கினேன், கொஞ்ச தூரத்தில் நின்றது. போனில் சொன்னபோது பாய் சொன்னார்: “வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. உங்கள பாத்தாதான் அது பயப்படுது.”

ஞாயிற்றுக்கிழமை போன்

நின்ற வண்டிக்கு வைத்தியர்கள் அதிகம். உங்களுக்குத் தெரியாததா? பெட்ரோலில் கலப்படம் என்றார் ஒருவர்; பெட்ரோல் பங்க்கை மாற்றினேன். பிளக் என்றார் ஒருவர்; மாற்றினேன். எஞ்சின் சூடு என்றார்கள், ஈரச்சாக்கு போட்டேன். கண்ணு பட்டிருக்கு என்றார்கள், எலுமிச்சம்பழமும் கட்டினேன். தூக்கத்தில்கூட என் காது எஞ்சின் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தது. சவாரியைக் குறுக்கினேன். படகுகள் வர இன்னும் வெகுநேரம் இருக்கும்போதே மணலைவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவேன்.

மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கிருந்து போன் செய்வாள். சாப்பிட்டீங்களா என்பதெல்லாம் பிறகு, முதல் கேள்வி “வண்டி ஓடுதா?” என்பதுதான். ஓடினால் வேலையை விட்டுவிட்டு டிக்கெட் போட வேண்டியவள் அவள். அன்றைக்கு ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு “நல்லா ஓடுது, நல்லா ஓடுது” என்றேன். அவள் கேட்டாள்: “ஓடுதுன்னா உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? தள்ளிக்கிட்டே பேசறீங்களா?”

காற்று மாறிய நாள்

நான் பயந்துகொண்டிருந்தது நடந்தது. படகுகள் எல்லாம் காலையிலேயே கரையேறிவிட்ட நாள் என்று நினைத்திருந்தேன். சேகர் என்பவரின் படகும் இன்னும் சிலவும் மறுபடி கடலுக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. மதியத்துக்குமேல் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது, காற்று திரும்பியது. அவை ஒன்றாகக் கரையை நோக்கி வந்தன. தவளை வண்டி சரியாகப் படகு ஏறுகிற இடத்தின் நடுவில், நான் மேலே உட்கார்ந்திருக்க, இருமி அடங்கியது.

பட்டனை அமுக்கினேன். எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றையும் இழுத்துப் பார்த்தேன். கரையிலிருந்த பெண்கள் “தள்ளு, தள்ளு” என்று ஓடி வந்தார்கள். டயர் இன்னும் ஆழமாகப் புதைந்ததுதான் மிச்சம். சேகர் படகு அலைமேல் ஏறிவிட்டது. அதற்குமேல் அதனால் நிற்க முடியாது. பெட்ரோல்தான் தீர்ந்ததோ என்று மூடியைத் திருகி எடுத்தேன், அதைக் கையில் வைத்துக்கொண்டே பட்டனை அமுக்கினேன், எஞ்சின் பற்றிக்கொண்டது. மூடியில்லாமல் தொடையெல்லாம் பெட்ரோல் தெறிக்க ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் சேகர் என்னைத் தவிர்க்கச் சுக்கானை ஒடித்திருந்தார். படகு பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீர் மொண்டது, ஒருவர் அலையில் விழுந்து புரண்டு எழுந்தார். யாருக்கும் அடியில்லை. சேகர் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். “நாளைக்கு சாயங்காலம் கோயிலாண்ட பஞ்சாயத்து. வந்துடு மிசியே.”

மூடி

பஷீர் பாயின் பட்டறையில் வண்டியை நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதுதான் ஒன்று உறைத்தது: மூடியைக் கையில் எடுத்தபிறகு வண்டி நிற்கவே இல்லை. பாய் என்னைப் பார்த்தார். மூடியைப் போட்டு ஓட்டினோம், நின்றது. எடுத்துவிட்டு ஓட்டினோம், ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் விழாது. காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். டாங்குக்கு அந்த இன்னொரு ஓட்டை மூடியின் நட்டநடுவில் இருந்தது. அதன்மேல் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. பாட்டிலை மாட்டி ஓட்டியபோது டாங்கும் இல்லை, மூடியும் இல்லை. பிறகு ஏன் நிற்கும்?

காரணம் கிடைத்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்த ஊரில் ஒரு வழக்கம்: தப்பு யார்மேல் என்று தீர்கிறதோ, அவர் சபை நடுவே வந்து பாதிக்கப்பட்டவரிடம் வெற்றிலைத் தட்டை நீட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும், தலைவராக இருந்தாலும். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி, ஊரார் முன்னால் தலைவரைக் கை காட்டுவது. பஷீர் பாய் பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: “சொன்னா அவரு மரியாத போவும், சொல்லாட்டி உங்க பொழப்பு போவும். இதுக்கு கார்புரேட்டரே தேவலண்ணே.”

கோயில் முன்னால்

மணலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டு என் முன்னால் தயாராக இருந்தது. சேகர் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தலைவர் கேட்டார்: “ஏன் நின்னுது?” “டாங்குக்குக் காத்து போற ஓட்ட அடைச்சிக்கிச்சு” என்றேன். “எதால அடைச்சுது?” என்றார் சேகர். மணல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மணல் என்றால் வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ளாதவன் ஆவேன், அனுமதி போகும், மனைவியின் டிக்கெட்டும் போகும். உண்மையைச் சொன்னால் தலைவரின் மரியாதை போகும். பையிலிருந்து மூடியை எடுத்துத் தலைவர் கையில் வைத்துவிட்டு நின்றேன்.

வாழ்நாளெல்லாம் படகு மோட்டாரோடு இருந்தவர். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இறுகிய சந்தனத்தில் இருந்த குழிமேல் தன் கட்டைவிரலை மெதுவாக வைத்துப் பார்த்தார். அது அளவாகப் பொருந்தியது. மற்றவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எதுவும் தெரிந்திருக்காது. தலைவர் எழுந்தார், என் முன்னாலிருந்த தட்டை எடுத்தார், சேகரிடம் தானே நீட்டினார். “வண்டிய மணல்ல விட்டது நானு. அடைப்பும் என்னால. மன்னிச்சுக்க.” கூட்டம் சலசலத்தது. சேகர் திகைத்துப்போய் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அப்புறம் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: அனுமதி ரத்தில்லை, ஆனால் இனித் தவளை வண்டி, கரை அரிக்காமலிருக்கக் கருங்கல் கொட்டிய இடத்துக்குத் தெற்கேதான் ஓட வேண்டும், அங்கே படகு ஏறாது.

எல்லாரும் கலைந்தபிறகு மூடியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டுச் சொன்னார்: “அடுத்த வருசம் பொட்ட நீயே வச்சுக்க மிசியே. என் வெரலு கொஞ்சம் தடிமன்.”

இப்போதெல்லாம் எந்த வண்டி நின்றாலும், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, அதன்மேல் கடைசியாக அன்பு காட்டியவர் யார் என்று விசாரித்துவிடுகிறேன்.